ஒரே மாதிரி இருந்த ஆறு காகிதங்கள்

தம்பி,

நீ அனுப்பிய புதுக் கம்ப்யூட்டர் பெட்டி திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. இன்னும் பிரிக்கவில்லை. ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில், கடைக்கு வருகிறவர்கள் பை வைக்கும் இடத்தில் இருக்கிறது. "என்னம்மா, பிரிச்சியா? ஆன் பண்ணின உடனே வந்துடும்மா, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள" என்று மூன்று தடவை போனில் கேட்டுவிட்டாய். மூன்று தடவையும் கடையில் கூட்டம் என்று சொல்லிப் போனை வைத்தேன். கூட்டம் ஒன்றும் இல்லை. பேசினால் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் வாயில் வந்ததைக் கொட்டிவிடுவேன். கல்யாணத்துக்கு நாள் குறித்த பிள்ளையிடம் அப்படிப் பேச வேண்டாம் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். இத்தனை வருஷம் ஊரார் மனுவையெல்லாம் டைப் அடித்தவள், இதை மட்டும் கையால் எழுதுகிறேன். உன்மேல் கோபமாக இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை நீ ஊகித்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

பெண் வீட்டார் வந்து பார்ப்பார்கள், அதற்குள் கடையைக் கொஞ்சம் புதுசாக்கு என்றாய். அவர்கள் என்னைப் பார்க்க வருகிறார்களா, என் கம்ப்யூட்டரைப் பார்க்க வருகிறார்களா, தெரியவில்லை. உன் அப்பா போன பிறகு உன்னைப் படிக்க வைத்தது இந்தப் பழைய கம்ப்யூட்டர்தான். சொல்லிக் காட்டுகிறேன் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். அது மெதுவானது, நான் இல்லை என்று சொல்லவில்லை. பட்டனை அழுத்திவிட்டு, வாசலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வந்தால்தான் திரை வரும். ஆனால் வந்த பிறகு என் வேலை ஒருநாளும் மெதுவாக நடந்ததில்லை. 'வட்' என்று அடித்து ஒரு தட்டு தட்டினால் 'பெறுநர், வட்டாட்சியர் அவர்கள்' என்று முழுசாக வந்து விழும். 'பமா' என்றால் பட்டா மாறுதல் மனுவின் பொருள் வரி. 'வசி' என்றால் 'நான் மேற்கண்ட முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன்'. எழுதுவதை நாமே சொல்லி வைத்தால் அது தானாக எழுதும் என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து, ஒன்றரைப் பக்க மனுவைப் பத்துத் தட்டில் முடித்திருக்கிறேன். திரையில் ஆறே ஆறு ஐகான், ஒரு ஊருக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் தெரு, தெருவுக்குள் ஆள். அறுவடை மாதத்தில் கதிர் அறுக்கும் மெஷின் ரோட்டில் போனாலே போதும், நெல் சுணை முழுக்கக் கடைக்குள் வந்து கம்ப்யூட்டரின் காற்றாடியில் அப்பிக்கொள்ளும். பக்கத்து மூடியைக் கழற்றிப் பெயிண்ட் பிரஷ்ஷால் நானே துடைப்பேன். சூடு இறங்கினால் வேகம் ஏறும். அது எனக்கு நீ வேலைக்குப் போவதற்கு முன்பே தெரியும்.

தீபாவளிக்கு நாலு நாள் லீவில் வந்தாயே, அதை நினைத்துப் பார். முதல் நாளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாய். எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் ஒளிக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்ததும் கூப்பிடாமலே வந்து உட்காரும் புரோகிராம்கள் பதினேழு என்று எண்ணிக் காட்டி, பதினாலை நிறுத்தினாய். தற்காலிகக் குப்பைகளைத் துடைத்தாய். ஜன்னல்கள் மெல்ல விரிந்து மெல்லச் சுருங்கும் அலங்காரத்தை அணைத்தாய். நான் அறியாமல் பிரவுசரில் தொற்றிக்கொண்டிருந்த ஏழெட்டுச் சமாச்சாரங்களைப் பிய்த்து எறிந்தாய். மறுநாள் காலை பட்டனை அழுத்தினேன், துடைப்பத்தை எடுப்பதற்குள் திரை வந்துவிட்டது. அந்த மட்டில் நீ எழுந்து குளிக்கப் போயிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. செய்தது அத்தனையும் நல்ல காரியம், பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் அதையெல்லாம் நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள், ஒரே மாதிரி இருக்கும் படங்களைத் தேடிப் பிடிக்கும் சாப்ட்வேர் ஒன்றை இறக்கினாய். அச்சாக ஒன்றே போலிருந்தால் மட்டும் பிடி என்று முதலில் வைத்தாய், கொஞ்சம்தான் கிடைத்தது. அது உனக்குப் போதவில்லை. ஏறக்குறைய ஒத்திருந்தாலே பிடி என்று கீழே இழுத்து வைத்தாய். திரை முழுக்க வரிசை வரிசையாக வந்து நின்றது. "அம்மா, எல்லாம் டூப்ளிகேட்டும்மா. குப்பையச் சேத்து வச்சிருக்க. தூக்கிடவா?" என்று கேட்டாய். மகளுக்கு வருமானச் சான்று எடுக்க வந்த குடவாசல் பக்கத்து வாத்தியார் ஒருவர் என் எதிரில் நின்றார். "என் பையன், பெங்களூர்ல வேல பாக்குறான்" என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தேவையில்லாததத் தூக்கிடு தம்பி" என்றேன். அவர் முன்னால், அது என்ன படம், இது என்ன படம் என்று கேட்டுக்கொண்டு நின்றால் ஒன்றும் தெரியாதவளாகத் தெரிவேனே என்று நினைத்தேன். நீ மொத்தத்தையும் ஒரே டிக்கில் தேர்ந்தெடுத்தாய். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்றை மட்டும் அது விட்டுவைத்தது. ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தாய். "இப்ப பாரும்மா, எவ்வளவு இடம்" என்றாய். நானும் பார்த்தேன்.

அதில் போனது எது என்று உனக்குத் தெரியும், ஆனால் யாருடையது என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. அஞ்சலை அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும், நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன்னைத் தூக்கிக்கொண்டு திரிந்தவள். அவளுக்கு நான் பட்டிருக்கும் கடன் உனக்குத் தெரியாது, நான் சொன்னதும் இல்லை. நடவு வயலில் பெண்கள் வரிசையாக நின்று பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள், ஆளுக்கு ஒரு பங்கு உண்டு. விட்டுவிட்டு ஓடினால் மறுநாள் வேலை கிடையாது. நாலு மணிக்கு நான் கால் சேற்றைக் கழுவிக்கொண்டு டைப் வகுப்புக்கு ஓடுவேன். என் பங்கையும் சேர்த்து நட்டவள் அவள்தான். "நீ போ புள்ள, கேட்டா வயித்து வலின்னு சொல்லிக்கிறேன்" என்பாள். லோயர், ஹையர் இரண்டும் நான் முடித்தது அவள் முதுகு வலியில். அந்த டைப்பில்தான் இந்தக் கடை, இந்தக் கடையில்தான் நீ.

அவள் இந்த வருஷத்தோடு ஏழு வருஷமாக மூன்று மா நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறாள், ஏக்கர் கணக்கில் ஒன்று. நிலக்காரர் சென்னையில் இருக்கிறார். வாய்ப்பேச்சுக் குத்தகை, எழுத்து எதுவும் கிடையாது. வருஷா வருஷம் கிராம நிர்வாக அலுவலர், இன்ன சர்வே எண்ணில் இன்னார் சாகுபடி செய்திருக்கிறார் என்று ஒரு சான்று எழுதிக் கொடுப்பார். ஒரு பசலிக்கு, அதாவது ஒரு கணக்கு வருஷத்துக்கு, ஒரு காகிதம்; அவர் நகல் வைத்துக்கொள்வதில்லை. அவள் அங்கே பயிர் வைத்தாள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஆதாரம் அந்த ஆறு காகிதங்கள்தான். வாங்கியதும் நேரே என் கடைக்குக் கொண்டுவருவாள், நான் ஸ்கேன் எடுத்து வைப்பேன். அதே படிவம், அதே ஊர், அதே சர்வே எண், அதே பெயர், அதே மூன்று மா. பசலி எண்ணும் தேதியும்தான் வேறு. உன் சாப்ட்வேருக்கு ஆறும் ஒரே படம். ஐந்தை அழித்துவிட்டு, கடைசி வருஷத்தை மட்டும் விட்டுவைத்தது.

கார்த்திகையில் பெய்த மழையில் அவள் வீட்டுக் கூரைத் தகரம் ஒன்று பிடுங்கிக்கொண்டு போய், டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் நின்றது. காகிதமெல்லாம் கூழாகிவிட்டது என்று அழுதுகொண்டு வந்தாள். "எதுக்கு அழுவுற? எல்லாம் என் கம்ப்யூட்டர்ல பத்தரமா இருக்குக்கா" என்று சொல்லிக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அப்போது எழுந்து ஒரு ஃபோல்டரைத் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் இன்னொரு காப்பி எடுத்து வை என்று நீ வேலையில் சேர்ந்த வருஷமே சொன்னாய், அதையும் நான் செய்யவில்லை. இவை இரண்டும் என் தவறு. உன் தலையில் கட்ட மாட்டேன்.

மாசியில் அறுப்பு முடிந்த கையோடு நிலக்காரர் ஆள் அனுப்பினார். மனை போடக் கேட்கிறார்கள், இனிமேல் வயலில் இறங்காதே என்று. இந்த வருஷத்துச் சான்றுக்கும் அவர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டதால் அது கைக்கு வரவில்லை. அஞ்சலை அக்கா குத்தகைப் பதிவுக்கு மனுப் போட்டாள். அந்த மனுவையும் நான்தான் அடித்தேன், பத்துத் தட்டில். "அந்த ஆறையும் பிரிண்ட் போட்டுக் குடு புள்ள, சேத்துக் குத்திடுவோம்" என்றாள். ஃபோல்டரைத் திறந்தேன். ஒன்று இருந்தது. மேலே போனேன், கீழே வந்தேன், வேறு ஊர் ஃபோல்டர்களிலெல்லாம் தேடினேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வைரஸ் வந்து போயிடுச்சு போலருக்குக்கா" என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "பொட்டிக்கு ஒடம்பு சரியில்லன்னா நீ என்ன பண்ணுவ, வுடு" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உன்னைக் காப்பாற்ற நான் பொய் சொன்னது அது முதல் தடவை இல்லை. எட்டாவது படிக்கும்போது, கேம் ஏற்ற இடம் வேண்டும் என்று ஒரு ஃபோல்டரை அழித்தாயே? அதில் நன்னிலத்துப் பெண் ஒருத்தியின் கல்லூரி விண்ணப்பம் இருந்தது. கரண்ட் போய் அழிந்துவிட்டது என்று அவள் அப்பாவிடம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி அடித்துக் கொடுத்தேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளை பயந்துவிடுவான் என்று நினைத்தேன். நீ பயப்படவே இல்லை, அதுதான் நான் வளர்த்த லட்சணம். அன்றைக்கு உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த மனிதர் முன்னால் நிறுத்தியிருந்தால், உனக்கு இன்றைக்கு ஒரு படத்தைத் திறந்து பார்க்காமல் அழிக்கக் கை வந்திருக்காது.

அவள் போனதும் உன்னைக் கூப்பிட்டேன். "ஒரே மாதிரி ஆறு எதுக்கும்மா?" என்றுதான் முதலில் கேட்டாய். விளக்கிச் சொன்னேன். "சரி சரி, ஞாயித்துக்கிழமை இங்கேருந்தே உள்ள பூந்து பாக்குறேன், வந்துடும்மா" என்றாய். அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபம் பார்க்கப் போனாய். அடுத்த ஞாயிறு பத்திரிகை மாடல். அதற்கடுத்தது நண்பன் வீடு. நாலாவது ஞாயிறு என்ன காரணம் சொன்னாய் என்று எனக்கு நினைவில்லை, உனக்கும் இருக்காது. அந்த நாலு வாரமும் நான் கடையைத் திறந்து, ஸ்கேன் எடுத்து, மனு அடித்து, அதே கம்ப்யூட்டரில் சேமித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் துணியில் சுற்றித் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒருத்தர் ஒரு நாள் முழுக்கப் போராடினார். ஃபைல் பெயர் வந்தது, படம் திறக்கவில்லை. "அழிஞ்சது தெரிஞ்ச அன்னைக்கே மிஷின நிறுத்திருந்தா ஒன்னு ரெண்டாவது எடுத்திருக்கலாங்க. அதுமேலயே எழுதிக்கிட்டே இருந்திருக்கீங்க" என்றார். எனக்குத் தெரியாது. நீ அந்தப் படிப்புப் படித்தவன், உனக்குத் தெரியும். 'அம்மா, தொடாதே, நிறுத்திவை' என்று ஒரு வார்த்தை முதல் நாளே சொல்லியிருக்கலாம். தீபாவளியில் செய்ததை நான் எப்படியாவது மறந்துவிடுவேன். அந்த நாலு ஞாயிற்றுக்கிழமை என் தொண்டையில் நிற்கிறது.

சித்திரையில் விசாரணைக்கு அவளோடு நானும் போனேன். அதிகாரி காகிதத்தைப் புரட்டிவிட்டு, "ஒரு வருஷத்துக்குத்தாம்மா இருக்கு. மத்தது?" என்றார். நிலக்காரர் தரப்பில் வந்தவர், "போன வருஷம்தாங்க வந்துச்சு அந்தம்மா, அதுவும் கூலிக்கு" என்றார். கடைசி வருஷத்துக் காகிதம் மட்டும் இருந்ததால் அது அப்படியே பொருந்தியது. அஞ்சலை அக்கா கையைக் கட்டிக்கொண்டு, "பொட்டியில வைரஸ்ங்க அய்யா, பாவம் இந்தப் புள்ள என்ன செய்யும்" என்று எனக்காகப் பரிந்து பேசினாள். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என்னைவிடக் கேவலமானவள் அந்த அறையில் அப்போது யாரும் இல்லை. ஸ்கேன் எடுத்தவர்கள், அந்தக் கம்ப்யூட்டரைக் கையாண்டவர்கள் யாராவது நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் பதிவு செய்துகொள்கிறேன், அதை எடுத்துக்கொள்வதா இல்லையா என்பதை அப்புறம் பார்ப்போம் என்று அதிகாரி வாய்தா போட்டார்.

வெளியே டீக்கடையில் வைத்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்டதை, நான் 'தூக்கிடு' என்றதை, வாத்தியார் நின்றதை, நாலு ஞாயிற்றுக்கிழமையை. டம்ளரைக் கீழே வைத்தாள். "ஆறும் ஒன்னு போலவாடி இருந்துச்சு?" என்று கேட்டாள். அவளே சொன்னாள்: "மொத வருசம் ஆத்துல தண்ணியே வரல, எஞ்சினுக்குக் கெஞ்சிக் கெஞ்சி எறச்சேன். ரெண்டாம் வருசம் பயிரு மூணு தடவ முழுவிச்சு, மூணு தடவ நட்டேன். அடுத்த வருசம் உங்க மாமா செத்து, காரியம் முடிச்ச மறுநாளு எறங்கி வெதச்சேன். அதுக்கடுத்தது எலி. ஒரே ஒரு வருசந்தான் நல்லா வெளஞ்சுச்சு, அந்த வருசம் வெல இல்ல. போன வருசம் இடுப்பு ஒடிஞ்சு, ஒக்காந்துகிட்டே களை எடுத்தேன். ஒன்னு போலவா இருந்துச்சு?" பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா என்றால் புத்தி சொல்ல வேண்டுமாம், சொல்கிறேன். உனக்கும் ஒரு வீடு, ஒரு பெண், நாளைக்குப் பிள்ளைகள் என்று வரப்போகிறது. வேகத்தைத் தடுப்பதை நிறுத்து, தூசியைத் துடை, அதெல்லாம் சரி. ஆனால் இன்னொருவர் பொருளைத் தொடும்போது மொத்தத்துக்கும் ஒரே டிக் போடாதே. ஒவ்வொன்றையும் திறந்து பார், பொறுமை இல்லாவிட்டால் தொடாமல் விடு. அழித்ததை ஒரு மாதமாவது குப்பைக்கூடையிலேயே கிடக்க விடு. தவறு தெரிந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதைப் பார், ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளாதே. 'தூக்கிடவா' என்று உன்னிடம் யாராவது கேட்டால், பக்கத்தில் எந்த வாத்தியார் நின்றாலும், என்னைப் போலத் தலையாட்டாமல் என்ன என்று கேள்.

வருகிற புதன்கிழமை காலை பத்தரை மணிக்குத் தாலுகா ஆபீசில் மறுபடி விசாரணை. வாக்குமூலத்தை அந்தப் பழைய கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருக்கிறேன். ஆறு பசலிச் சான்றுகளையும் நான் ஸ்கேன் எடுத்தேன், என் மகன் கேட்டான், நான் அழிக்கச் சொன்னேன், அவன் அழித்தான் என்று இருக்கிறது. உன் பங்கைக் கூட்டவில்லை, என் பங்கைக் குறைக்கவும் இல்லை. என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன், அதற்குக் கீழே உனக்கு இடம் விட்டிருக்கிறேன். நிலம் நிற்குமா என்று எனக்குத் தெரியாது. நீ நேரில் வராவிட்டால் நிற்காது என்பது மட்டும் தெரியும். லீவு இல்லை என்று சொல்லாதே. கூறைப் புடவை எடுக்க இரண்டு நாள் லீவு கிடைத்ததே.

இன்னொன்று சொல்ல வேண்டும். தையிலேயே, முதல் கட்டு அடித்தபோதே, அஞ்சலை அக்கா ஒரு மரக்கால் நெல்லைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். "தம்பி கல்யாணத்து அட்சதைக்கு என் வயல் நெல்லுதான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். டீக்கடையில் நடந்ததற்குப் பிறகு அவள் இந்தப் பக்கமே வரமாட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் காலை கடை திறக்கும்போதே வந்து நின்றாள், கையில் மஞ்சள் பை. கையாலேயே குத்திப் புடைத்த அரிசி, ஒரு நொய் கிடையாது. "கோவந்தான். அதுக்காவ சொன்ன சொல்ல மாத்த முடியுமா? அடுத்த வருசம் அந்த நெலத்துல வெளையுமோ வெளையாதோ, இத வச்சுக்க" என்று கொடுத்துவிட்டு உட்காராமல் போய்விட்டாள். திங்கட்கிழமை நீ அனுப்பியது வந்ததும் அந்தப் பையை அதன்மேல்தான் வைத்தேன். வேறு இடம் இல்லை.

புதன்கிழமை நீ வந்து கையெழுத்துப் போட்டால், அன்று சாயங்காலமே இரண்டையும் பிரிப்போம். நீ புதுக் கம்ப்யூட்டரை மாட்டு, நான் அரிசியில் மஞ்சள் கலக்கிறேன். நீ வராவிட்டாலும் கல்யாணத்துக்கு வருவேன், பயப்படாதே. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்னால்தான் நிற்பேன், சம்பந்தி வீட்டாரிடம் சிரித்துப் பேசுவேன். நீ தாலி கட்டும்போது எல்லோரும் அட்சதை போடுவார்கள். என் கையில் மட்டும் எதுவும் இருக்காது.

அம்மா